அலை கொண்டு வந்ததா அம்மையை?

சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகும் சாலையில் நீங்கள் சென்றிருக்கலாம். உப்பங்கழிகளையும் சுரபுன்னைக் காடுகளையும் தாண்டினால் வங்கக் கடல். அங்கிருந்து வடக்கே பரங்கிப்பேட்டை, புதுப்பேட்டை, சாமியார்பேட்டை என்று தொடங்கி, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் வரையில் கரையோரம் நெடுக மீனவர் ஊர்கள்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை சுனாமி அலைகள் இந்த ஊர்களுக்குள் புகுந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீடிழந்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்க வைக்கப்பட்டனர்.

மூன்றாம் நாள், அதாவது டிசம்பர் 29 அன்று, சுகாதாரத் துறையினர் ஒரு வேலையைத் தொடங்கினர். பாதிக்கப்பட்ட ஊர்களில் 6 மாதம் முதல் 60 மாதம் வரை வயதுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டனர். மறுநாளே, டிசம்பர் 30 அன்று, கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு செய்தி வந்தது: குழந்தைகள் சிலருக்குத் தட்டம்மை கண்டிருக்கிறது!

இந்தச் செய்தியைக் கேட்டால் உங்கள் மனத்தில் என்ன தோன்றும்? "சுனாமியால்தான் அம்மை வந்துவிட்டது" என்று ஒருவர் சொல்லக்கூடும். "நேற்றுத்தானே ஊசி போட்டார்கள், அதனால்தான் வந்தது" என்று மற்றொருவர் சொல்லக்கூடும். "இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு மேல் ஏற்கெனவே தடுப்பூசி போட்டாயிற்றே, பிறகு எப்படி வரும்?" என்று மூன்றாமவர் கேட்கக்கூடும்.

மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆனால் விடை தவறாகிவிட்டால் செய்யும் காரியமும் தவறாகிவிடும். அலைதான் காரணம் என்றால் முகாம்களை மட்டும் கவனித்தால் போதும். ஊசிதான் காரணம் என்றால் ஊசியை நிறுத்த வேண்டும். இரண்டும் இல்லையென்றால், எங்கோ ஒரு பழைய ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். எது உண்மை? சென்னையிலுள்ள தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர்களும் பிறரும் இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் சென்ற வழியிலேயே நாமும் போய்ப் பார்ப்போம்.

தட்டம்மை என்பது என்ன?

நம் ஊர்களில் மணல்வாரி அம்மை என்று சொல்கிறார்களே, அதுதான் தட்டம்மை. இது ஒரு வைரஸ் நோய். நோயுற்றவர் இருமும்போதும் தும்மும்போதும் வைரஸ் நுண்துளிகளில் ஏறி வெளியே வருகிறது. அவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அது காற்றில் மிதந்து கொண்டிருக்க முடியும். யாருக்குமே தடுப்பாற்றல் இல்லாத ஊரில், ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைக் கொடுத்துவிடுவார். தொற்றுநோய்களில் இவ்வளவு வேகமாகப் பரவக்கூடியவை மிகச் சிலவே.

முதலில் காய்ச்சல், மூக்கொழுகல், இருமல், கண் சிவத்தல். கன்னத்தின் உட்புறத்தில், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, உப்புத்தூள் தூவியதுபோல் சிறு வெண்புள்ளிகள் தெரியலாம். 1896ஆம் ஆண்டில் ஹென்றி கோப்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் இவற்றை விவரித்தார். ஆகவே இவற்றுக்குக் கோப்லிக் புள்ளிகள் என்று பெயர். சில நாள் கழித்துக் காதின் பின்புறத்திலும் முகத்திலும் சிவந்த தடிப்புகள் தோன்றி உடம்பெல்லாம் இறங்குகின்றன.

பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்கின்றனர். ஆனால் ஊட்டம் குறைந்த குழந்தைகளை இந்நோய் எளிதில் விடுவதில்லை. நிமோனியா, வயிற்றுப்போக்கு, காதில் சீழ், கண்பார்வை இழப்பு ஆகியவை பின்னால் வரலாம். வைரஸை நேரே கொல்லும் மருந்து இன்றும் நடைமுறையில் இல்லை.

வீடிழந்த மக்கள் நெருக்கமாகத் தங்கும் இடங்களில் இந்நோய் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் முன்பே கண்டிருக்கிறது. 1991ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாடூபோ எரிமலை வெடித்தது. மலைவாசிகள் முகாம்களுக்கு வந்து சேர்ந்தனர். அங்கே பல குழந்தைகளைக் கொன்றது எரிமலைக் குழம்பு அன்று, தட்டம்மையே. அதனால்தான் கடலூரில் அலை வடிந்த மூன்றாம் நாளே ஊசியும் குளிர்பெட்டியுமாகச் சுகாதார ஊழியர்கள் புறப்பட்டார்கள்.

முதல் வேலை: எண்ணுவது

நோய் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் என்ன செய்ய வேண்டும்? எத்தனை பேர், எங்கே, எப்போது, என்ன வயது என்று எண்ண வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கடலூரில் ஒரு மருத்துவர் தட்டம்மை என்று சொல்வதை, சிதம்பரத்தில் இன்னொருவர் வேர்க்குரு என்றோ ஒவ்வாமை என்றோ சொல்லிவிட்டால் எண்ணிக்கை எப்படிச் சரியாக இருக்கும்?

ஆகவே எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் அப்படி ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. காய்ச்சல் இருக்க வேண்டும். உடம்பில் செந்தடிப்பு இருக்க வேண்டும். கூடவே இருமல், மூக்கொழுகல், கண்சிவப்பு இம்மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். இதற்கு நோய் வரையறை என்று பெயர். கடைக்காரரின் படிக்கல்லைப் போன்றது இது. எந்தக் கடையில் நிறுத்தாலும் ஒரு கிலோ ஒரு கிலோவாகவே இருக்க வேண்டுமல்லவா?

கடலூரில் இந்த வரையறையை வைத்துக்கொண்டு, செய்தி தானாக வரட்டும் என்று காத்திராமல், ஊழியர்களைத் தூண்டிக் கேட்டுத் தகவல் திரட்டினார்கள். ஒவ்வொரு நோயாளியின் வயது, ஆணா பெண்ணா, ஊர், தடிப்பும் காய்ச்சலும் தொடங்கிய நாள், முன்பு ஊசி போட்டதுண்டா என்பவற்றைக் குறித்துக்கொண்டார்கள்.

நம் வழக்கத்தில் இங்கே இன்னொரு தடையும் உண்டு. வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியார் உள்ளே வரமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை குழந்தை வெளியே போகாது. பிறருக்குத் தொற்றாமல் காக்க இது நல்ல வழக்கமே. ஆனால் மருத்துவரிடமும் போகக்கூடாது என்று இருந்துவிட்டால், அந்தக் குழந்தை எந்தக் கணக்கிலும் வராது. நிமோனியா கண்டால் காப்பாற்றவும் ஆளிராது. வாசலில் வேப்பிலையும் இருக்கலாம். உள்ளே மருத்துவரும் வரலாம். இரண்டுக்கும் பகையில்லை.

எண்ணி முடித்தபோது தெரிந்தது: மொத்தம் 101 நோயாளிகள். இவர்களில் 11 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். புதிதாக ஒரு கிருமி நுழைந்தவுடன் நம் உடல் முதலில் உண்டாக்கும் எதிர்ப்பொருளுக்கு ஐஜிஎம் என்று பெயர். தட்டம்மை வைரஸுக்கான ஐஜிஎம் 8 பேரிடம் இருந்தது. ஆக, வந்திருப்பது உண்மையில் தட்டம்மையே.

முதல் சாட்சி: நாள்காட்டி

இனி நம் கேள்விக்கு வருவோம். அலை கொண்டு வந்ததா?

விடைக்காக நாம் வடக்கு அட்லாண்டிக் கடலுக்கு ஒரு முறை போய் வர வேண்டும். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே பாரோ தீவுகள் என்ற சிறு தீவுக் கூட்டம் இருக்கிறது. 1846ஆம் ஆண்டில் அங்கே தட்டம்மை புகுந்தது. சுமார் 7,800 மக்களில் 6,000 பேர் படுத்துவிட்டனர். பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவரை அரசு அங்கே அனுப்பியது. தனித்தனித் தீவுகள், எப்போதோ ஒருமுறை வந்து போகும் படகுகள். எந்தப் படகு எந்த ஊருக்கு என்று வந்தது, எத்தனை நாள் கழித்து அங்கே தடிப்பு தோன்றியது என்று அவர் பொறுமையாகக் குறித்தார். திரும்பத் திரும்ப ஒரே விடை கிடைத்தது: நோயாளியோடு பழகியதற்கும் தடிப்பு தோன்றுவதற்கும் இடையே ஏறக்குறைய 14 நாள்.

இன்னொன்றையும் அவர் கண்டார். அத்தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781ஆம் ஆண்டில், 65 ஆண்டுகளுக்கு முன்னால். அப்போது நோய்கண்டு பிழைத்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட இம்முறை வரவில்லை. ஒரு முறை வந்தால் ஆயுள் முழுவதும் பாதுகாப்பு! வைரஸ் என்ற பொருளையே யாரும் அறியாத காலத்தில், நாள்காட்டியையும் காகிதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் கண்டவை இவை.

இப்போது கடலூருக்குத் திரும்புவோம். டிசம்பர் 26 அன்று அலை. அன்றைக்குத்தான் ஒரு குழந்தைக்கு வைரஸ் தொற்றியது என்று வைத்துக்கொண்டால், தடிப்பு எப்போது தோன்றும்? 14 நாளைக் கூட்டுங்கள். ஜனவரி 9. சிலருக்குச் சில நாள் முன்பின்னாக இருக்கலாம். ஆனால் முதல் செய்தி வந்ததோ டிசம்பர் 30. நான்கே நாளில் தட்டம்மை முளைத்துவிடாது. மேலும், சுனாமி தாக்கிய ஊர்களின் நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு அலை வந்த 14 நாட்களுக்குள்ளேயே நோய் தொடங்கியிருந்தது. அவர்களில் பலர் அலை வருவதற்கு முன்பே வைரஸை வாங்கிக்கொண்டவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஊசியின் மேல் விழுந்த ஐயமும் இதே கணக்கில் கரைந்துவிடுகிறது. டிசம்பர் 29 அன்று போட்ட ஊசி 30 அன்று அம்மையை உண்டாக்க முடியாது. தடுப்பூசிக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு லேசான தடிப்பு வருவதுண்டு. அதுவும் ஒரு வாரம் கழித்தே வரும், பிறருக்குத் தொற்றாது.

இரண்டாம் சாட்சி: அலை தொடாத ஊர்கள்

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, அதைச் சாப்பிடாதவர்களையும் பார்க்க வேண்டும் அல்லவா? அதேபோல, அலை தாக்கிய ஊர்களை மட்டும் பார்த்து அலையின் மேல் பழி போட முடியாது. அலை தாக்காத ஊர்களையும் பார்த்தாக வேண்டும்.

பார்த்தார்கள். 101 பேரில் 71 பேர் சுனாமி தாக்கிய ஊர்க்காரர்கள். 30 பேர் தாக்காத ஊர்க்காரர்கள். "பார்த்தீர்களா! 71 பெரியது, 30 சிறியது, அலைதான் காரணம்!" என்று அவசரப்பட வேண்டாம். எத்தனை பேருக்கு நடுவே 71, எத்தனை பேருக்கு நடுவே 30 என்று கேட்க வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டபோது, தாக்கிய ஊர்களில் ஆயிரத்துக்கு 1.3, தாக்காத ஊர்களில் ஆயிரத்துக்கு 1.7! அலை தொடாத ஊர்களில் வீதம் குறைவாகவே இல்லை. சற்று அதிகமாகக்கூட இருந்தது. உங்கள் வகுப்பில் சதவீதக் கணக்கு எதற்கு என்று இனிக் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் சாட்சி: வைரஸின் குடும்பப் பெயர்

தட்டம்மை வைரஸ்களில் பல குடும்பங்கள் உண்டு. அவற்றின் மரபுப் பொருளில் எழுத்துகள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையைப் படித்தால் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். கடலூர்க் குழந்தைகளிடமிருந்து கிடைத்த வைரஸ், டி8 என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அது தமிழ்நாட்டில் ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்த குடும்பம்தான். தடுப்பூசியிலுள்ள வலுவிழந்த வைரஸோ ஏ என்ற வேறு குடும்பம். ஆகவே இது கடலோடு வந்ததும் அன்று. ஊசியோடு வந்ததும் அன்று. உள்ளூரிலேயே இருந்தது. யாரும் தேடாதபோது தெரியாமல் இருந்தது, தேடியதும் தெரிந்தது.

மூன்று சாட்சிகளும் ஒரே விடையைச் சொல்லிவிட்டன. ஆனால் அந்த மூன்றாமவரின் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறதே! 95 சதவீதத்துக்கு மேல் ஊசி போட்ட இடத்தில் அம்மை எப்படி உலவியது?

புளியங்கொட்டைக் கணக்கு

இதற்கு ஆய்வகம் வேண்டாம். நூறு புளியங்கொட்டைகள் போதும். எடுத்து வாருங்கள்.

ஒவ்வொரு கொட்டையும் இந்த ஆண்டு பிறந்த ஒரு குழந்தை. 95 குழந்தைகளுக்கு ஒன்பதாம் மாதத்தில் ஒரு தடுப்பூசி கிடைத்தது. மீதி 5 குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஐந்து கொட்டைகளை, தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குங்கள். வெள்ளை என்றால் பாதுகாப்பு இல்லை என்று பொருள்.

இப்போது முக்கியமான இடம். ஊசி போட்டவர்கள் எல்லோருக்கும் பாதுகாப்பு வந்துவிடுகிறதா? இல்லை. ஒன்பதாம் மாதத்தில் போடும் ஊசி நூற்றில் ஏறக்குறைய 85 குழந்தைகளுக்கே பலிக்கிறது. ஏன்? தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தை தாயிடமிருந்து எதிர்ப்பொருள்களைப் பெற்று வருகிறது. அவை பிறந்த சில மாதங்கள் குழந்தையைக் காக்கின்றன. ஆனால் அவை மிச்சமிருக்கும்போது ஊசி போட்டால், அந்த வைரஸையும் நோய்க் கிருமி என்று நினைத்து அழித்துவிடுகின்றன. குழந்தையின் உடல் பாடம் கற்றுக்கொள்ள நேரமில்லாமல் போகிறது. ஒரு வயதுக்கு மேல் போட்டால் 95 பேருக்குப் பலிக்கும். அதுவரை காத்திருக்கலாமே என்கிறீர்களா? தட்டம்மை அதிகமாக உலவும் இடங்களில், காத்திருக்கும் அந்த மாதங்களிலேயே நோய் வந்து சிறு குழந்தையைக் கொன்றுவிடலாம். ஆகவே ஒன்பதாம் மாதம் என்பது இருபுறமும் எடைபோட்டு எடுத்த முடிவு.

கணக்கைத் தொடர்வோம். 95 பேரில் 85 சதவீதம் என்பது ஏறக்குறைய 81. மீதி 14 பேர் ஊசி போட்டும் பாதுகாப்புப் பெறாதவர்கள். அந்த 14 கொட்டைகளையும் தேயுங்கள். இப்போது உங்களிடம் 5 + 14 = 19 வெள்ளைக் கொட்டைகள்.

ஒரு நோயாளி 15 பேருக்குக் கொடுக்கக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கூட்டத்தில் அவர் சந்திக்கும் 15 பேரில் நூற்றுக்கு 19 பேரே பாதுகாப்பற்றவர்கள். 15 × 19 / 100 = ஏறக்குறைய 3. அதாவது ஒருவர் மூவருக்கு, மூவர் ஒன்பதின்மருக்கு! நோய் அணையாது. ஒருவர் ஒருவருக்கும் குறைவாகக் கொடுத்தால்தான் அது தானாக அணையும்.

இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். அடுத்த ஆண்டு இன்னும் நூறு குழந்தைகள். இன்னும் 19 வெள்ளைக் கொட்டைகள். அம்மை வராத வரையில் இவை கரைவதில்லை, சேர்ந்துகொண்டே போகின்றன. ஐந்து ஆண்டுகளில் 95! ஓர் ஆண்டில் பிறந்த குழந்தைகள் அத்தனை பேருக்கும் ஊசியே போடாமல் விட்டதற்கு ஏறக்குறைய இது சமம். ஆண்டுதோறும் "95 சதவீதம்" என்று பதிவேட்டில் நன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே காய்ந்த சுள்ளி குவிந்துகொண்டிருக்கும். ஒரு பொறி போதும். கடலூர் ஆய்வாளர்களும் பிறப்பு வீதம், ஊசி போட்ட அளவு, ஊசி பலிக்கும் அளவு ஆகியவற்றை வைத்து இப்படித்தான் கணக்கிட்டார்கள்.

அந்த 95 பேரில் எத்தனை பேர் ஊசி போட்டவர்கள்? 14 × 5 = 70. "நோய் வந்தவர்களில் பலரும் ஊசி போட்டவர்களே, ஊசி பயனற்றது" என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். ஊசி போடாத 5 பேரில் 5 பேருக்கும் ஆபத்து. போட்ட 95 பேரில் 14 பேருக்கே, அதாவது ஏழில் ஒருவருக்கே ஆபத்து.

ஏட்டில் மாற வேண்டிய வரி

இனி நோயாளிகளின் வயதைப் பார்ப்போம். சுனாமி தாக்கிய ஊர்களின் நோயாளிகளில் நூற்றுக்கு 36 பேர் 60 மாதத்தைக் கடந்தவர்கள். அதாவது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். ஆனால் டிசம்பர் 29 அன்று ஊசி போட்டது யாருக்கு? 6 முதல் 60 மாதம் வரை. ஐந்து வயதைத் தாண்டிய அண்ணனும் அக்காவும் வரிசையில் நிற்கவே அழைக்கப்படவில்லை. பல ஆண்டுகளாகச் சேர்ந்த வெள்ளைக் கொட்டைகளில் பல அவர்களிடம்தானே இருந்தன!

ஆகவே ஆய்வாளர்கள் இரண்டு பரிந்துரைகள் செய்தார்கள். ஒன்று, இத்தகைய பேரிடர்களில் 6 மாதம் முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் தட்டம்மை ஊசி போட வேண்டும். இரண்டு, சாதாரணக் காலத்திலேயே ஒவ்வொரு குழந்தைக்கும் ஊசி பெற இரண்டாவது வாய்ப்புத் தர வேண்டும்.

இரண்டாவது ஊசி எதைச் சாதிக்கும்? மறுபடியும் கொட்டைகளை எடுங்கள். 19 வெள்ளைக் கொட்டைகள். இரண்டாம் ஊசி அவர்களில் 95 சதவீதம் பேரை அடைந்தால் 18 பேர். பத்தில் ஒன்பது பேருக்குப் பலித்தால் 16 பேர். மிச்சம் 3. இப்போது ஒரு நோயாளி எத்தனை பேருக்குக் கொடுப்பார்? 15 × 3 / 100 = 0.45. ஒன்றுக்கும் கீழே! நெருப்பு தானாக அணைந்துவிடும். பாதுகாப்பற்றவர்கள் மூவர் இருந்தாலும், அவர்களைச் சுற்றியுள்ள 97 பேரே அவர்களுக்கு மதிலாகி விடுகின்றனர்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டு முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இருந்தது ஒரே ஒரு தட்டம்மை ஊசி. 2010ஆம் ஆண்டில் இரண்டாவது ஊசி சேர்க்கப்பட்டது. கடலூரின் கணக்கு ஒன்றால் மட்டும் இது வந்துவிடவில்லை. உலகின் பல ஊர்களில் பலர் எண்ணிய கணக்குகள் இதையே காட்டின. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி போடும் பெரும் இயக்கம் தொடங்கியது. அதில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை அழைக்கப்பட்டார்கள். பள்ளிக்கூடங்களுக்கே ஊசி வந்தது. சுனாமியின்போது விட்டுப்போன வயதுக்காரர்களையும் இம்முறை விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மருத்துவர் கையிலுள்ள ஏடு

மருத்துவருக்கு எல்லாம் தானாகத் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவருக்கும் வழிகாட்டி ஏடுகள் உண்டு. தட்டம்மைக் குழந்தை வந்தால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கும். முதலாவது, உடனே சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டத்தில், மருத்துவர்கள் தெரிவித்தாக வேண்டிய நோய்களில் தட்டம்மையும் ஒன்று. இரண்டாவது, உறுதி செய்ய இரத்தம் எடுத்தனுப்ப வேண்டும். மூன்றாவது, வைட்டமின் ஏ அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் 2 லட்சம் அலகு. 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு 1 லட்சம் அலகு. இது கண்ணைக் காக்கும், உயிரையும் காக்கும். மருத்துவர் சொல்லாமல் நாமாகக் கொடுக்கக் கூடாது. நான்காவது, தடிப்பு தோன்றி நான்கு நாள் வரை பிறரோடு சேராமல் வைத்திருக்க வேண்டும். ஐந்தாவது, பேரிடர்க் காலத்தில் 6 மாதக் குழந்தைக்குப் போட்ட ஊசியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 9 மாதத்திலும் 16 மாதத்துக்குப் பிறகும் வழக்கமான இரண்டையும் போட்டாக வேண்டும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்: தாய் தந்த எதிர்ப்பொருள்!

இந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் எங்கோ எண்ணிய கணக்கு இருக்கிறது. ஒரு வரி பாரோ தீவுகளிலிருந்து வந்திருக்கலாம். கடலூர்க் கரையில், வீடிழந்த மக்களுக்கு நடுவே ஒரு கிராமச் செவிலியர் "எத்தனை நாளாகக் காய்ச்சல், அம்மா?" என்று கேட்டு எழுதிய தாளும் அப்படி ஒரு வரியை உறுதிப்படுத்தியிருக்கலாம். கேட்காமலோ தவறாகவோ எழுதியிருந்தால், பழி அலையின் மேல் போயிருக்கும். ஓட்டை அடைபடாமலே இருந்திருக்கும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அம்மாவிடம் உங்கள் தடுப்பூசி அட்டையையும் தம்பி தங்கையரின் அட்டைகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தட்டம்மை ஊசி என்ற வரிசையில் ஒரு தேதி இருக்கிறதா, இரண்டு தேதிகள் இருக்கின்றனவா? ஒன்றுதான் இருந்தால், அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். நூறு கொட்டைகளில் நீங்கள் எந்தப் பக்கம் என்பது அந்தச் சிறிய அட்டையில்தான் எழுதியிருக்கிறது.